தண்ணீர் நின்ற கோடு

காலையில் பிரசவ அறைக் கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு வாடை மூக்கைத் துளைத்தது. நாலு சுவரும் வெள்ளை வெளேரென்று நின்றன. எங்கள் தெரு வெல்டர் ஏணியில் ஏறிக் கடைசி மூலைக்குப் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டிருந்தார். கீழே தையல்காரர் ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டிக்கொண்டிருந்தார். பூப்போட்ட திரை. "எப்பிடி நர்ஸக்கா, நம்ம ஆஸ்பத்திரி?" என்று வெல்டர் மேலிருந்து சிரித்தார். ஏணிக்கு ஓர் உதை விடலாமா என்று இருந்தது எனக்கு. போன மழைக்கு இந்த அறைக்குள் தண்ணீர் நின்ற கோடு அந்தச் சுவரில்தான் இருந்தது. பழுப்பாக, சேறு காய்ந்த விளிம்போடு, நாலு சுவரையும் சுற்றி ஓடிய கோடு. பெருக்கித் துடைக்கிற ஆயாவைக்கூட நான் அதைத் தொடவிட்டதில்லை. பார்வையிட வருகிறவர்கள் கண்ணில் அது ஒன்றாவது படட்டும் என்றுதான். இன்றைக்கு அவர்கள் வருகிறார்கள், கோட்டைக் காணோம்.

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"டாக்டர்தான் சொன்னார். சொல்லலைன்னாலும் அடிச்சிருப்போம்," என்றார் தையல்காரர். "வீட்டுக்கு நாலு பேர் வர்றப்போ கிழிஞ்ச பாயையா விரிப்பாங்க?"

"இது வீடில்லண்ணே. வர்றவங்க விருந்தாளியும் இல்ல. எந்த ஆஸ்பத்திரிய இடிச்சு மேடாக் கட்டணும்னு பார்க்க வர்றாங்க. டாக்டர்கிட்ட காட்டப் போறப்போ புண்ணு மேல பவுடர் பூசிட்டா போவீங்க?"

வெல்டர் சிரித்தார். தையல்காரர் சிரிக்கவில்லை. "மானம்னு ஒண்ணு இருக்கும்மா," என்றார், திரையின் சுருக்கத்தை நீவிவிட்டபடி.

எங்கள் ஆஸ்பத்திரி பள்ளத்தில் இருக்கிறது. கால்வாய் ஓரம், யாருக்கும் வேண்டாத இடம். கட்டிய புண்ணியவானுக்கு மழை என்று ஒன்று பெய்யும் என்பதே தெரியாது போலிருக்கிறது. பெரிய மழை பிடித்தால் முதலில் கரண்ட் போகும், பிறகு பின்கதவு வழியாகத் தண்ணீர் வரும். தெருக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். பிரசவக் கட்டிலைச் செங்கல் அடுக்கி உயர்த்துவார்கள். வெல்டர் தன் பட்டறை ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் கொண்டுவருவார். பெண்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக இறைப்பார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று நான் எத்தனையோ பிள்ளைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். இவர்கள் இல்லையென்றால் இந்த இடத்தை என்றைக்கோ இழுத்து மூடியிருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போன வருடமும் இதே மாதிரி ஒரு குழு வந்தது. இதே மாதிரி ஜோடித்தோம். ஜெனரேட்டரைப் பின்பக்கம் மறைத்துவைத்து எல்லா விளக்கையும் எரியவிட்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் தெருவை மிஞ்ச ஆளில்லை. வந்தவர்கள் அசந்துபோய் ஒரு கேடயம் கொடுத்தார்கள், 'பேரிடரைத் தாங்கும் சமூகம்' என்று பொறித்து. கொஞ்ச நாள் கழித்து டாக்டர் மென்று விழுங்கிச் சொன்னார், மேடாகக் கட்டும் பட்டியலிலிருந்து எங்களை எடுத்துவிட்டார்களாம். "நாமதான் சமாளிச்சுக்குறோமேன்னு சொல்றாங்க சிஸ்டர்." கேடயம் இப்போதும் சீட்டு கொடுக்கிற ஜன்னலுக்கு மேல் தொங்குகிறது. தூசி தட்டுவதுதான் அதனால் வந்த வேலை.

அதற்கு அடுத்து வந்த மழையில் தையல்காரரின் மருமகளுக்கு வலி எடுத்தது. தண்ணீர் வந்த வேகத்தில் வெல்டரின் பட்டறையே மூழ்கி, ஜெனரேட்டர் அதற்குள் கிடந்தது. செங்கல் அடுக்கியும் கட்டிலுக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு கதவைக் கழற்றி, அவளை அதில் படுக்கவைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றிக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பாதி வழியிலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. முதுகைத் தேய்த்தேன், வாயில் வாய் வைத்து ஊதினேன். கடைசிவரை அழவில்லை. அந்தப் பிள்ளையின் தாத்தாதான் இன்றைக்குத் திரை தைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

போன வாரம் தெருக் கூட்டத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. "அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும். இந்தத் தடவையாவது வாய்விட்டு அழுவோம்" என்றேன். எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடவில்லை. அவர் வீட்டுத் துக்கத்தை நடுத்தெருவுக்கு இழுத்தவள் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

இந்த மழைக்கு என் தங்கச்சி. புருஷன் கடல் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறான். என் வீட்டில்தான் இருக்கிறாள். நிறைமாதமும் மழையும் சேர்ந்தே வருகின்றன. பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே ஒரு கட்டில் கேட்டுப் போனேன். பட்டியலில் இருக்கிற இடத்துப் பெண்களுக்குத்தான் அப்படிக் கட்டில் ஒதுக்குவார்களாம், புதுக் கட்டடம் வருகிற வரைக்கும். "உங்க சென்டர்தான் நல்லா இருக்கே, கேடயமெல்லாம் வாங்கினீங்களே" என்று அங்கிருந்த பெண் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அன்றைக்கு வீட்டில் பாத்திரம் எல்லாம் என்னிடம் அடி வாங்கியது. தங்கச்சி மட்டும் பதறவில்லை. "நீதான் இருக்கியேக்கா," என்றாள். கதவில் கிடந்தவளுக்கும் நான்தான் கூட இருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

பத்து மணி போல வண்டிகள் வந்தன. தலைமை தாங்கி வந்த மேடம் நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தார். ஆயாவுக்குக்கூட வணக்கம் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கரண்ட் காலையிலேயே போயிருந்தது, ஆனாலும் டாக்டர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் காட்டினார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று வெல்டர் பழுது பார்த்துவைத்திருந்த ஜெனரேட்டரில் விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது. தெருப் பெண்களைப் பிரசவ அறைக்குள் பெஞ்சு போட்டு உட்காரவைத்திருந்தார்கள், நடுவில் என் தங்கச்சி. ஆண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மேடம் சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எல்லாத்துக்கும் அரசாங்கத்தையே எதிர்பார்க்காம, நீங்களே தாங்கி நிக்கிறீங்க பாருங்க, இதைத்தான் நாங்க போற இடமெல்லாம் சொல்லிட்டு வர்றோம்."

கைதட்டினார்கள். என் தெரு, என் ஜனங்கள், கைதட்டினார்கள். பொதி சுமக்கிற கழுதையை முதுகில் தட்டிக்கொடுத்தால் பொதி குறைந்துவிடுமா? இன்னும் ஒரு மூட்டை ஏறும், அவ்வளவுதான். வரி கட்டுகிறோம், வரிசையில் நிற்கிறோம், ஓட்டுப் போடுகிறோம். இதற்கு மேல் கட்டிலையும் நாங்களே தூக்க வேண்டும், தூக்கியதற்காகக் கைதட்டலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மேடம் குனிந்து தங்கச்சியின் தோளைத் தொட்டார். "இங்கதான் பிரசவமாம்மா? பயமா இருக்கா?"

தங்கச்சி டாக்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இல்ல மேடம். எல்லா வசதியும் இருக்கு," என்றாள். காலையில் டாக்டர் சொல்லிக்கொடுத்தது, ஒரு சொல் மாறவில்லை. கூட வந்த போட்டோக்காரர் படம் எடுத்தார்.

என் வெள்ளைக் கோட்டுப் பையில் கட்டுப் பிரிக்கிற கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். அதை எடுத்துச் சுவரில் வைத்து இழுத்தேன். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, கூழாக வழிந்தது.

"சிஸ்டர்! என்ன பண்றீங்க?"

"கோட்டைத் தேடறேன் சார். நேத்து வரைக்கும் இங்கதான் இருந்துச்சு."

"என்ன கோடு?" என்றார் மேடம்.

"போன மழைக்குத் தண்ணி நின்ன கோடு மேடம்."

"சொன்னாங்க. அதைத்தான் அருமையா சமாளிச்சீங்களே."

"சமாளிக்கல. ஒரு பிள்ளைய வாரிக் கொடுத்தோம்."

சொல்லிவிட்டேன். தையல்காரர் இருக்கிற பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடத்தின் பக்கம் சாய்ந்தார். "அது இங்க நடக்கல மேடம். வழியில நடந்தது. நம்ம கணக்குல வராது."

வாசலில் கூட்டம் விலகியது. தையல்காரர் உள்ளே வந்தார். நேராக என்னை நோக்கித்தான் வந்தார். கை ஓங்கப் போகிறார் என்று நினைத்தேன், வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். ஜன்னலில் காலையில் அத்தனை பதமாக நீவிவிட்ட திரையை ஒரே இழுப்பில் பிடுங்கினார். கம்பியும் சேர்ந்து வந்து தரையில் விழுந்தது. மூலையில் இருந்த வாளித் தண்ணீரில் திரையை முக்கிப் பிழிந்து, சுவரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பெரியவரே, இருங்க, அப்புறம் பேசலாம்," என்று டாக்டர் அவர் கையைப் பிடித்தார்.

"கணக்குல வராதா?" என்றார் அவர். கத்தவில்லை. "பேரு கூட வெச்சிருந்தோம் சார்." கையை உதறிவிட்டு மறுபடி துடைத்தார்.

வெல்டர் வெளியே போனார். பின்பக்கம் படபடவென்று ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. விளக்கு அணைந்தது. காற்றாடி இன்னும் நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றது. வேர்வையும் சுண்ணாம்பு நெடியுமாக அறை புழுங்கியது. திரை போன ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம்தான் இப்போது. வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருந்ததால் அதுவும் மங்கல். அந்த மங்கலில் கோடு தெரிய ஆரம்பித்தது. முதலில் ஒரு கை நீளம், பிறகு ஓர் ஆள் நீளம். தையல்காரரின் கை போகிற பக்கமெல்லாம் கூடவே போனது. சட்டையெல்லாம் வெள்ளைத் தண்ணீர் வழிய அவர் மூச்சு வாங்கிக்கொண்டே துடைத்தார். பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, தன் முந்தானையை நனைத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனாள். யாரும் கைதட்டவில்லை.

மேடம் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. "இவ்வளவு உயரமா?" என்று மட்டும் கேட்டார், யாரைக் கேட்டார் என்றும் தெரியவில்லை.

என் தங்கச்சி எழுந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பெஞ்சைப் பிடித்து, மெதுவாக. துடைத்த சுவருக்கு நடந்து போய், ஈரத்தைப் பார்க்காமல் முதுகை ஒட்டி நின்று எங்கள் பக்கம் திரும்பினாள். அவளை யாரும் அங்கே போய் நிற்கச் சொல்லவில்லை. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார், பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி நகரவில்லை. பழுப்புக் கோடு அவளுக்கு ஒரு பக்கம் வயிற்று உயரத்தில் வந்து மறைந்து, மறுபக்கம் அதே உயரத்தில் தொடங்கிச் சுவரோடு போனது.