நாய்க்கு டாக்டர் சர்டிபிகேட்

தணிக்கை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படத்தின் இயக்குநர் என் மேசையில் போட்டார். “தலைவலி. படிச்சுப் பாருங்க.”

படத்தில் நொண்டி வரும் நாயைக் காலில் அடித்திருக்கிறீர்கள், கால்நடை மருத்துவரின் சான்றிதழ் இல்லாமல் வெளியிட முடியாது என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நாய்க்கு டாக்டர், தாய், தகப்பன் எல்லாம் நான்தான். அதைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிய அனிமேஷன் இயக்குநர். பதினோரு பேரை வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் அதை அடி அடியாக நடக்க வைத்தேன். பின்னங்கால் தரையைத் தொடுமுன் துளி தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு மட்டும் மூன்று வாரம்.

ஆனால் டைட்டிலில் என் பெயர் கிடையாது. “நாய் நிஜம்னு ஜனங்க நம்பணும்மா. உங்க பேரப் போட்டா குட்டு உடைஞ்சிரும்” என்று போன மாதம் இயக்குநர் குழைந்தார். நானும் மண்டையை ஆட்டித் தொலைத்தேன். அன்றிலிருந்து வயிறு எரிகிறது. என் கணவரோ, டைட்டில் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று தன் அலுவலகம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். அவரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் இயக்குநரோடு போய், தணிக்கை அதிகாரியின் அறையில் லேப்டாப்பைத் திறந்தேன். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி.

“நாயக் கூட்டிட்டு வரலையா?”

“இதுக்குள்ளதாங்க இருக்கு.”

முதலில் திரையில் நாயின் ரோமத்தை எடுத்தேன். பிறகு தோலை. கடைசியில் சில கோடுகள் மட்டும் ஒரு சுவரோரம் நொண்டிக்கொண்டு போயின. அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“சரி, நீங்கதான் செஞ்சீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஃபைல்ல வெச்சுப் பூட்டிருவேன். வெளிய போகாது.”

“அவ்ளோதானே!” இயக்குநர் பேனாவை நீட்டினார். “போடுங்கம்மா.”

இங்கேயும் பூட்டா? எனக்குச் சுரீரென்றது.

“டைட்டில்ல என் பேரப் போடுங்க சார். இங்கயும் போடறேன்.”

“இங்க வெச்சா இதப் பேசறது?”

“வேற எங்க வெச்சுப் பேசுவீங்க?”

நீட்டிய பேனாவோடு இயக்குநர் துணைக்கு அதிகாரியைப் பார்த்தார். அவர் எங்களைக் கவனிக்கவேயில்லை. திரையில் சுவர் முடிந்து, படிக்கட்டு வந்திருந்தது. கோடுகள் ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா என்று தயங்கி நின்றன.

“பாத்து... மெதுவா” என்றார் அதிகாரி, திரையிடம்.