நீலத்துக்குள் போகும் வேன்

“உங்க ஊரு என்ன, தண்ணிக்குள்ளயா இருக்கு?”

பக்கத்து சீட்டு ஜெய்சன் அண்ணன் கேட்டபோது நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலூர் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்கு வரும் பெண்களை ஏற்றும் வேன்களுக்காக, திருநகரில் இருக்கும் எங்கள் ஆபீஸ் ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தது. ஊர்ப் பெயர்களைத் தட்டுவது என் வேலை. எங்கள் ஊரைத் தட்டியதும் வேனின் கோடு ஒரு பெரிய நீலத் திட்டைச் சுற்றிச் சுற்றிப் போய் நின்றது. ஐம்பத்தெட்டு நிமிடம்.

நாற்பத்தைந்தைத் தாண்டினால் அந்த ஊருக்கு வேன் கிடையாது என்பது கம்பெனியின் புது விதி. அம்மா அந்த வேனில்தான் வேலைக்குப் போகிறாள். வேன் நின்றால் வேலையும் நின்றுவிடும்.

நீலம் எங்கள் கண்மாய். இது சித்திரை. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வேன் அதற்குள்ளேயே இறங்கி, கருவேல மரங்களுக்கு நடுவே வண்டித் தடத்தில் வந்துவிடும். டிரைவருக்குத் தெரியும், மேப்புக்குத் தெரியாது.

பார்க்கப் பார்க்க, எங்கள் ஊர் ஆடுகள் நீலத்தின் அடியில் மேய ஆரம்பித்தன. பையன்கள் அடித்த பந்து குமிழி விட்டுக்கொண்டு மெதுவாக மேலே போனது. வேன் ஜன்னலோரம் தூக்குவாளியோடு அம்மா. அவள் முகத்தருகே ஒரு கெண்டை மீன்.

“முனீஸ், தூங்கிட்டியா?”

ஹெப்சிபா அக்காதான் எங்கள் முதலாளி. அவள் முன்னால் இரண்டு திரைகள், இரண்டு விதமான மேப்: ஒன்று காசு கட்டி வாங்குவது, மற்றது யாரும் வரையக்கூடிய இலவச மேப். எதை வைத்துக்கொள்வது என்று அவளுக்கும் ஜெய்சன் அண்ணனுக்கும் காலையிலிருந்து சண்டை.

“காசு கட்டுனா எல்லாம் ரெடியா வருதுக்கா. நாம பின்னு குத்துனாப் போதும்.”

“ரோட்டை மாத்தலாமா?”

“அது மேப்புக்காரன் ரோடு. நாம எப்பிடி மாத்துறது?”

“இன்னொண்ணுல நாமளே வரையலாம்ல, ஜெய்சன்.”

“அம்புட்டு ஊருக்கும் யாரு வரையுறது? கர்த்தரா எறங்கி வருவாரு?”

“அவரு எதுக்கு? ஒனக்குத்தான் சம்பளம் குடுக்குறேன்.”

“அதுல மழைக்காலத்துலதான்க்கா தண்ணி” என்றேன். அக்கா மவுஸை என் பக்கம் தள்ளினாள்.

நீலத்தின் நடுவே தடத்தை வரைந்தேன். முப்பத்தாறு நிமிடம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கார்த்திகையில் வேன் வந்து தண்ணீர் முன்னால் நின்றால், அன்றைக்கே பட்டியலிலிருந்து ஊரை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் நிறைந்த மாதங்களில் பெண்கள் கரைமேல் நடந்து, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு வரை வருவார்கள். அங்கே தார் ரோடு உண்டு. அதையும் சொன்னேன்.

அக்கா மேப்புக்கு அடியில் பன்னிரண்டு மாதங்களை ஒரு பட்டையாக வைத்தாள். இழுத்தால் ஐப்பசியில் நீலம் தடத்தை நனைத்தது. கார்த்திகையில் தடம் மூழ்கியது. வேன் நிற்கும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி கரையோரமாகவே நகர்ந்து போய்க் கலுங்கில் நின்றது. மாசியில் ஊர்ப்பக்கம் திரும்பி வந்தது.

“அடியாத்தி, ஸ்டாப்பு நடந்து போகுது!” என்றார் ஜெய்சன் அண்ணன். பிறகு அவரே நாலு தடவை இழுத்துப் பார்த்தார்.

நாலு மணிக்குக் கம்பெனியின் வேன்களைக் கவனிக்கும் அசோக்குமார் சார் வந்தார். கையிலிருந்த பட்டியலில் எங்கள் ஊர் ஏற்கெனவே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

“கண்மாய்க்குள்ள வேனை விடுறீங்களா? மழை பெஞ்சா நீங்களா வந்து தள்ளுவீங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டையைக் கார்த்திகைக்கு இழுத்தேன். புள்ளி நகர்ந்தது. நாற்பத்தொரு நிமிடம்.

“அம்புட்டுத் தூரம் பொம்பளைங்க நடந்து வருவாங்களா?”

“இப்பவும் மழைக்கு அப்பிடித்தான் வாராங்க சார்.”

“யாரு சொன்னா?”

“எங்கம்மா.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மவுஸை வாங்கினார். மாதம் மாதமாக நகர்த்தினார். அவர் மூக்குக்கண்ணாடியில் நீலம் பெருகி, சுருங்கி, மறுபடி பெருகியது. அந்த அறையே மெதுவாக நிறைந்து வடிவதுபோல் இருந்தது எனக்கு. அக்கா கையை நீட்டி, காசு மேப் இருந்த அடுத்த திரையை அணைத்தாள்.

அவர் பேனாவைத் திறந்தார். அடித்திருந்த எங்கள் ஊர்ப் பெயரை அதன் மேலேயே புதிதாக எழுதினார். பக்கத்தில் இரண்டு ஸ்டாப்புகளையும் எழுதினார். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீயைத் தொடாமல் படியிறங்கிப் போனார்.