அஸ்மாயா வீட்டின் உயரம்

எங்கள் மலையூரில், தசைன் பண்டிகைக்கு மறுநாள் காலையில், அஸ்மாயாவின் வீட்டுக்குள் மட்டும் காற்று குறைந்தது. உலை கொதித்தது, அரிசி வேகவில்லை. விளக்கு நீலமாகச் சுருங்கி எரிந்தது. விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு லால்மதி வாசற்படியைத் தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே, அதே முற்றத்தில், கோழிகள் எப்போதும்போல மேய்ந்தன. கதவையும் சன்னலையும் திறந்து வைத்தார்கள். வெளிக்காற்று படிவரை வந்து நின்றுகொண்டது. சுமை தூக்கிப் பழகிய ஆண்கள் சிலர் உள்ளே போய் மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு ஒரே முடிவுடன் வெளியே வந்தார்கள். அது முகட்டுக் காற்று. ஊரிலிருந்து ஒரு வாரம் நடந்தால் வரும் கணவாயின் காற்று. "இனிமே சுமை தூக்காமலே மேல போயிட்டு வரலாம்டா" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. அஸ்மாயாவின் கணவன் ஹர்கபீர் அந்த முகட்டுக்குப் போய்த்தான் திரும்பாமல் இருந்தான்.

மலையேற வந்த வெளிநாட்டுக்காரர்களின் கூட்டம் ஒன்றுடன் அவன் போயிருந்தான். கூட்டத்தை நடத்திப் போன சர்தார், சுமைக்காரர்களின் தலைவன், எங்கள் ஊர் ரணஹாங். ஹர்கபீரின் கூடையில் விருந்தினர்களின் கழிப்பறைக் கூடாரமும் மடக்கு இருக்கையும் மலத் தொட்டியும் இருந்தன. சுமைகளிலேயே இளப்பமான சுமை அது. புதிதாக வருகிறவனுக்குக் கொடுப்பார்கள், அல்லது எதிர்த்துப் பேசியவனுக்கு. ஹர்கபீர் முந்தின மலையேற்றப் பருவத்தில் எல்லோருக்கும் கையுறை கேட்டவன். கூட்டம் இறங்கி வந்தபோது ரணஹாங் நேராக அஸ்மாயாவின் முற்றத்துக்கு வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான். "தலைவலின்னான், தங்கச்சி. கீழ மேய்ப்பனுங்க குடிசைக்கு அனுப்பி வெச்சேன். அங்க குடிச்சிருக்கான். ஆத்துல தவறிட்டான்." ஹர்கபீர் குடிப்பவன்தான். எங்கள் ஊரில் குடிக்காதவன் யார்? ஆனால் முதுகில் சுமை இருக்கும்போது அவன் குடித்ததில்லை. ஆற்றில் பிணமும் கிடைக்கவில்லை.

வெளியில் செத்தவனை வீட்டுக்குக் கூட்டி வருவது எங்கள் வழக்கம். பூசாரி அடுப்பின் மூன்று கற்களுக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் செத்த இடத்திலிருந்து வீடுவரை வழியைச் சொல்லுவார். ஓடை, பாலம், திருப்பம், மரம், ஒன்றையும் விடமாட்டார். அவர் சொல்லச் சொல்லச் செத்தவன் நடந்து வந்து அடுப்பருகே உட்காருவான். வழி எங்கே தொடங்குகிறது என்பதை அவனைக் கடைசியாக உயிரோடு பார்த்தவன் சொல்ல வேண்டும். ரணஹாங், மேய்ப்பர்கள் குடிசை என்றான். தசைன் அன்று பூசாரி கர்ணஜித் அங்கிருந்தே வழி சொல்லி முடித்தார். மறுநாள் காற்று வந்தது.

கர்ணஜித் வாசலில் நின்று முகர்ந்து பார்த்தார். "நான் கூப்பிட்ட எடத்துல அவன் இல்ல" என்றார். "அவன் இருக்கிற எடம் இங்க வந்து உக்காந்திருக்கு."

"அப்ப முகட்டுலேருந்து மறுபடி சொல்லுங்க" என்றாள் அஸ்மாயா.

"முகடு நீளம், அம்மா. எந்தக் கல்லுன்னு தெரியணும். தெரிஞ்சவனக் கேளு."

தெரிந்தவனான ரணஹாங், குடிசை என்ற சொல்லிலிருந்து நகரவில்லை. கூடப் போனவர்களையும் அவள் கேட்டாள். அன்று காலை ஹர்கபீர் வாந்தியெடுத்ததையும் நடை தள்ளாடியதையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார்கள். ரணஹாங்தான் கடைசியாக வந்தான். இதற்குமேல் அவர்கள் பேசவில்லை. அடுத்த பருவத்துக்கு ஆள் எடுப்பவன் ரணஹாங்.

அஸ்மாயா வீட்டை விட்டுப் போகவில்லை. மகளை லால்மதி வீட்டில் படுக்க வைத்தாள். முற்றத்தில் களி கிண்டி, உள்ளே கொண்டுபோய் அடுப்பருகே உட்கார்ந்து தின்றாள். கன்னங்கள் சிவந்து வெடித்தன. மழைக்காலத்தில், ஊரெல்லாம் அட்டை ஊரும்போது, அவள் வீட்டுக்குள் பனிப்பொடி படிந்தது. காலையில் பெருக்கி வெளியே தள்ளினாள். ஊருக்குப் பழகிவிட்டது. அந்த வழியாகப் போகிறவர்கள் அவளிடம் மேலே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் வருடம், மலையேறும் கூட்டங்களை அனுப்பும் நகரத்து முதலாளியின் காதுக்குச் செய்தி போனது. அந்த வீட்டில் படுத்து எழுந்தால் உடம்பு உயரத்துக்குப் பழகிவிடும், விருந்தினர்கள் வழியில் நாள் கடத்த வேண்டாம் என்று அவர் கணக்குப் போட்டார். நடக்காமலே உயரம் பழகலாம் என்று பலகை எழுதி அனுப்பினார். ரணஹாங் அதை அவள் வேலியில் கட்டினான். அவள் அதைப் பிளந்து விறகாக்கினாள்.

"ரெண்டு ராத்திரி படுத்துட்டுப் போவாங்க, தங்கச்சி. உனக்கும் ஒத்தாசை" என்றான் ரணஹாங், வேலிக்கு வெளியே நின்றபடி.

"என் புருஷன் செத்த காத்த வாடகைக்கு விடச் சொல்றியா?"

"ஏன் கோவப்படுற? ஊருக்கே நல்லது."

"அவ்வளவு நல்லதுன்னா உன் வீட்டுல வெச்சுக்க. வந்து அள்ளிக்கிட்டுப் போ."

"சாக்குல கட்டித் தரவா, அண்ணே?" என்றாள் லால்மதி. வேலியோரம் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ரணஹாங்கும் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரிப்பு அடங்கியதும் அஸ்மாயா சொன்னாள். "சரி. கூட்டிக்கிட்டு வா. ஆனா மொதல்ல நீ உள்ள வா."

அவன் ஒரு வெள்ளைக்காரனையும் அவன் மனைவியையும் கூட்டி வந்தான். சர்தார் முதலில் போகட்டும் என்று அவர்களும் சொன்னார்கள். வழி சொன்ன நாளுக்குப் பிறகு ரணஹாங் அந்தப் படியைத் தாண்டியது அன்றுதான். அஸ்மாயா பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தி மரத்தாழ்ப்பாளைப் போட்டாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் தடுக்கவில்லை. விருந்தினர்கள் இது என்ன என்று கேட்டபோது, வழக்கம் என்று சொன்னோம். அவர்கள் தலையாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள்.

முதலில் அவன் சிரிப்பது கேட்டது. இந்த முகட்டை எத்தனை தரம் தாண்டியவன் நான் என்றான். வெகுநேரம் கழித்து வாந்தி எடுக்கும் சத்தம்.

"கதவத் திற, தங்கச்சி. தல வெடிக்குது."

"எங்க விட்ட?"

"சொன்னேனே, குடிசையில..."

"அப்ப உக்காரு."

வெயில் முற்றத்தைக் கடந்து வேலிக்குப் போனது. அவன் குரல் மறுபடி வந்தபோது சொற்கள் ஒன்றோடொன்று இடித்தன. "மந்திரக் கொடிங்க கட்டின பாறை. அதுக்கு மேக்கால... கல்லுக் குவியலுக்குப் பின்னால."

"குடிச்சிருந்தானா?"

"இல்ல."

"தொணைக்கு யாரு?"

"வெள்ளைக்காரங்க மத்தியானத்துக்குள்ள கணவாயத் தாண்டணும்னாங்க. ஒரு ஆள அவன்கூட எறக்கினா ஒரு சுமை நின்னுடும்."

தாழ்ப்பாள் திறந்தது. அவள் அவனை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் கனத்த ஆள், அவள் சிறிய உடம்புக்காரி. நாங்கள் கை கொடுக்கப் போனோம்.

"தொடாதீங்க" என்றாள். "ஒரு ஆளக் கீழ கொண்டுவர ஒரு ஆள் போதும். நல்லாப் பாத்துக்கங்க."

ஊர் ஆண்கள் அந்த வாரமே மேலே போனார்கள். ஹர்கபீர் பனியில் உறைந்து அங்கேயே இருந்தான். கூடையைத் தாங்கும் பட்டை நெற்றியில் இருந்தது, கூடை முதுகில் இருந்தது, கைகளில் கையுறை இல்லை. கர்ணஜித் அந்தக் கல்லிலிருந்து மறுபடி வழி சொன்னார். காலையில் அடுப்பருகே சாம்பலில் ஒருவன் உட்கார்ந்த பள்ளம் தெரிந்தது. காற்று மட்டும் திரும்பிப் போகவில்லை. வந்தவன் தன் காற்றோடு வந்திருக்கிறான் என்றார் கர்ணஜித். லால்மதி சந்தைக்குப் போய் ஒரு பிரஷர் குக்கர் வாங்கி வந்தாள். அதில் பருப்பு வெந்தது. எங்கள் ஊரிலிருந்து யாரும் அதற்குப் பிறகு ரணஹாங்கின் சுமையைத் தூக்கவில்லை.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று முற்றத்தில் அவன் மல்லாந்து கிடந்தான். உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. அஸ்மாயா செம்பில் தண்ணீர் எடுத்து, அவனுடைய வாந்தி பட்ட தன் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவனாகத்தான் சொன்னான்.

"ஒரு தரம் திரும்பிப் பாத்தேன். கையை ஆட்டினான்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"போன்னு ஆட்டினானா, வான்னு ஆட்டினானா?"