சிலைக்குக் கிடைத்த இரண்டு பேர்ச்

வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் தோட்டக் கமிட்டித் தலைவர் சின்னராசா உட்கார்ந்திருந்தார். கட்டில் விளிம்பில் இளைஞர் அணிக் கிஷாந்த், கையில் போனோடு. அடுப்பங்கரைப் பக்கம் போட்டிருந்த பலகையில் மாதர் அணி மீனம்மா. வாசல் சட்டத்தில் சாய்ந்தபடி வீட்டுக்காரியின் மகள் லோஜினி நின்றாள். வீட்டுக்காரி நாகலெட்சுமி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற சாக்கில் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெளியே, தகரக் கூரையின் இறவாரத்தில், பக்கத்துக் கொட்டில்காரப் பெண்கள் நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள் போல நின்றார்கள். மழை அப்போது பெய்யவில்லை.

பெரியய்யாவுக்கு எட்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது.

பெரியய்யா என்றால் இலங்கையின் தேயிலை மலைகளில் அக்கரப்பத்தனையிலிருந்து உடப்புசல்லாவை வரை யாருக்கும் விளக்கம் வேண்டாம். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர், மந்திரி, கோயில் திருவிழாவுக்கு முதல் மாலை வாங்குகிறவர். அவர் கண்ணை மூடிய செய்தி வந்த அன்று மூங்கிலோடைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்குகள் பாதியிலேயே இறங்கின. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம், வெள்ளைக் கொடி பறந்தது. பையன்கள் மொட்டை போட்டுக்கொண்டார்கள். ஆட்டோ கண்ணாடிகளில் எல்லாம் அவர் முகம். அந்த அழுகையில் பொய் இல்லை. நாகலெட்சுமியும் ஹட்டனுக்குப் போய், வரிசையில் கால் கடுக்க நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்த முகத்தைப் பார்த்து, சொந்தத் தகப்பனைப் பறிகொடுத்தவள் போல அழுதுவிட்டு வந்தவள்தான்.

"ஐயாவுக்குச் சிலை வைக்கிறோம், தங்கச்சி" என்றார் சின்னராசா. "ரோட்டு வளைவுல வச்சாத்தான் பஸ்ஸுல போறவன் வர்றவன் கண்ணுல படும். மேனேஜர் தொரையும் சரின்னுட்டாரு. வீட்டுப் பட்டியல்ல ஒன் பேருக்குக் குறிச்ச துண்டுதான் சமதரை. நீ விட்டுத் தர்றேன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டா வேலை முடிஞ்சிரும்."

நாகலெட்சுமி கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

அந்த வளைவை அவள் தெரியாதவள் அல்ல. முந்தைய மழைக்காலத்தில் மேல் லயத்தின் பின்னால் மலை சரிந்து, சுவரோடு சேர்த்து அவள் புருஷனையும் மூடியது. தப்பிய குடும்பங்களை விளையாட்டு மைதானத்து ஓரத்தில் தகரக் கொட்டில் போட்டு வைத்தார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். பெரியய்யா வந்தார். வளைவை ஒட்டிய சரிவில் எல்லாருக்கும் வீடு என்று சொல்லி, முதல் கல்லை நாகலெட்சுமியின் துண்டில் நட்டார். அத்திவாரம் வெட்டினார்கள். அதோடு சரி. காணி கம்பனியுடையது, ஓர் அங்குலம்கூட யாருக்கும் எழுதித் தர முடியாது என்று ஆபீசில் சொன்னார்கள். அவள் போகும்போதெல்லாம் அதையே சொன்னார்கள். பெரியய்யா பேசிப் பார்ப்பதாகச் சொன்னார், பேசிக்கொண்டே இருந்தார், செத்தும் போனார்.

"காணி குடுக்க முடியாதுன்னாங்களேண்ணே?"

"ஐயாவுக்குன்னா முடியும்" என்று சட்டைப்பையிலிருந்து கம்பனியின் கடிதத்தை எடுத்தார் சின்னராசா. பெருமையாகத்தான் எடுத்தார்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நகரத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்யும் லோஜினி அதை வாங்கி, தன் போனில் படமெடுத்துக்கொண்டு, தமிழில் சொன்னாள். சிலைக்கு இரண்டு பேர்ச், ஒரு சின்ன வீட்டளவு காணி. எந்தக் கட்டணமும் இல்லை. எந்தத் தடையும் இல்லை. நிரந்தரமாக. திகதி, அடக்கம் முடிந்த அடுத்த நாள்.

இறவாரத்தில் நின்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரே நாள்ல குடுத்திருக்காங்க" என்றாள் நாகலெட்சுமி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

மீனம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒனக்குக் கல்லு நட்ட கையி மதினி அது. அந்தக் கையிக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?"

"நானும் அழுதேன் மதினி. நீ பக்கத்துலதான நின்ன? அழுததுக்காக வீட்ட எழுதிக் குடுக்கணுமா?"

சின்னராசா சிரித்தார். "வீடு எங்க இருக்கு? வெட்டுன குழிதான கெடக்கு."

"குழின்னாலும் எம்பேருல உள்ள குழிண்ணே."

ஆம்பளை இல்லாத வீட்டில் ஒரு சொல்லுக்கு மேல் வேண்டியிருக்காது என்று நம்பி வந்தவர் சின்னராசா. தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்தார். தோட்டமே துக்க வீடாயிருந்த நாள் என்பதால், அந்த வழக்கப்படி அவர் சொல்லாமல் போனதை, கோபத்தில் போனார் என்று பிறகு எல்லாரும் பேசினார்கள்.

கிஷாந்த் அன்றைக்கே பேஸ்புக்கில் அவள் படத்தைப் போட்டு, பெரியய்யாவுக்கு ரெண்டு பேர்ச் தராதவள் என்று எழுதிவிட்டான். டுபாயிலிருந்தும் கனடாவிலிருந்தும், அவளை ஒருநாளும் கண்டிராதவர்கள் வைதார்கள். மலையில் கொழுந்து நிரைக்குப் போனால் இரண்டு பக்கத்துப் பெண்களும் தள்ளி நின்று பறித்தார்கள். குழாயடியில் அவள் வாளி மட்டும் கடைசிக்குப் போனது. பெரியய்யா உயிரோடு இருந்தால் இதைச் செய்வாரா என்று அவள் யாரிடமாவது கேட்கலாம், கேட்கவில்லை. செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

கையெழுத்துக்காகக் காத்திராமல் கமிட்டி வளைவில் ஒரு பெனர் கட்டியது. ஆள் உயரத்துக்கு மேலே, சவுக்குக் கம்புகளில் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் சீலைப் பெனர். அதில் பெரியய்யா கும்பிட்டபடி சிரித்தார். கீழே, இங்கே உங்கள் சிலை எழும் என்று எழுதியிருந்தது. கட்டிய இடம் சரியாக நாகலெட்சுமியின் அத்திவாரத்தின் முன்பக்கம்.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அதைப் பார்த்தாள். ஒரு நாள் நின்று, கையால் தட்டிப் பார்த்தாள். நல்ல தடித்த பெனர். தண்ணி இறங்காது.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹட்டனில் அஞ்சலிக் கூட்டம். சங்கம் பஸ் அனுப்பியது. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஏறினார்கள். நாகலெட்சுமியும் கொட்டில்காரப் பெண்களும் ஏறவில்லை. அந்தப் பெண்களை யாரும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அவர்களுக்கும் அந்தச் சரிவில் ஆளுக்கொரு குழி இருந்தது. கீழே ஒரு குழிக்குள் சிலை இறங்கினால் மேலே உள்ளவை பூந்தோட்டமாகிவிடும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

பஸ்கள் திருப்பத்தில் மறைந்ததும் நாகலெட்சுமியின் கொட்டிலில் தகரம் கழன்றது. தலையில் தகரம், தோளில் கம்பு, இடுப்பில் சட்டிபானை. அத்திவாரத்துக் கல்லின்மேலேயே கம்பு நட்டார்கள். கூரைக்கும் மூன்று பக்கத்துக்கும் தகரம் அடித்தார்கள். முன்பக்கத்துக்குத் தகரம் போதவில்லை. நாகலெட்சுமி பெனரைக் காட்டினாள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தி நேரத்தில் பஸ்கள் திரும்பின. வளைவில் முதல் பஸ் தானாக மெதுவானது. பெரியய்யாவின் தலைக்குப் பின்னாலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

கிஷாந்த் குதித்து இறங்கி ஓடினான். பெனரின் ஓரத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான்.

"டேய், ஐயா மேல கை வைக்காத" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இன்னொரு குரல் அவன் தகப்பன் பேரைச் சொல்லி அதட்டியது. கிஷாந்த் கையை எடுத்துவிட்டு, எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டான். சின்னராசா இறங்கி வந்து நின்றார். தான் பணம் திரட்டி அடித்த பெனர். கிழித்தால் தோட்டமே அவரைக் கிழிக்கும்.

நாகலெட்சுமி பக்கவாட்டு வழியால் வெளியே வந்தாள்.

"வாங்கண்ணே. ஐயா முன்னால நிக்கிறாரு, நான் பின்னால இருக்கேன். ஒருத்தருக்கொருத்தர் எடைஞ்சல் இல்ல."

"சிலைய எங்க வைக்கிறதாம்?"

"எனக்கு வீடு கட்டிக் குடுத்துட்டு வாசல்ல வைங்க. நானே தெனமும் பூ போடுறேன்."

கூட்டத்திலிருந்து மீனம்மா முன்னால் வந்தாள். ஹட்டனில் பெரிய மனிதர்கள் பந்தலுக்குள் இருக்க, தோட்டத்துப் பெண்கள் பகல் முழுக்க மழையில் நின்றிருக்கிறார்கள். சோற்றுப் பார்சல் பின்வரிசைக்கு வந்து சேரவில்லை. சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் சின்னராசாவையும் பார்க்காமல், பெனரையும் பார்க்காமல், குனிந்து உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"சூடா ஏதாச்சும் இருந்தா குடு மதினி" என்றாள்.

இரண்டாம் நாள் ஆபீசிலிருந்து காவல்காரர் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். கம்பனிக் காணியில் அத்துமீறிக் குடியேறியதாக எழுதியிருந்தது. உடனே வெளியேறாவிட்டால் வழக்கு. நாகலெட்சுமி அதை மகளைக் கொண்டு முழுக்கப் படிக்க வைத்தாள். பிறகு பதில் எழுதச் சொன்னாள். தான் சொல்லச் சொல்ல எழுதவேண்டும், ஒரு சொல்லையும் மெருகேற்றக் கூடாது என்றாள்.

"மதிப்புக்குரிய தொரை அவர்களுக்கு. செத்துப்போன எங்கள் பெரியய்யாவுக்கு, அவர் கேட்காமலே ஒரே நாளில் காணி கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தின் படம் இதோடு இருக்கிறது. நான் உயிரோடு இருக்கிறேன். கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். அதே கடிதத்தை அதே சொற்களில், அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரைப் போட்டுத் தரவும். அதுவரை நான் இங்கேதான் இருப்பேன். பெனரை நான் கட்டவில்லை, கமிட்டி கட்டியது. அதைக் கழற்ற வருவதாக இருந்தால் கமிட்டியையும் கூட்டிக்கொண்டு வரவும்."

கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். கொட்டில்காரப் பெண்கள் தங்களுக்கும் அதே போல ஆளுக்கொரு கடிதம் வேண்டுமென்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் மீனம்மாவும் வந்து பேனாவைக் கேட்டாள். மீனம்மாவுக்கு அந்தச் சரிவில் குழி எதுவும் கிடையாது.

கவரின் பின்பக்கத்தில் அனுப்புநர் விலாசம் எழுதும்போது லோஜினி தயங்கினாள். லயத்து ஆட்களுக்குத் தனி விலாசம் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே கிடந்து, ஞாபகம் வரும்போதுதான் கைக்கு வரும்.

"ஆபீஸ் மேல்பார்த்துன்னு போடவாம்மா?"

"வேணாம். இலக்கம் ஒன்னு, வளைவு வீடு, மூங்கிலோடைன்னு போடு."

அக்கரப்பத்தனைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலுக்குக் கொடுத்தார்கள். எழுத்தர் கவரைத் திருப்பிப் பார்த்து, அப்படியொரு விலாசம் தன் பதிவில் இல்லையே என்றார்.

"இனிமே இருக்கும், எழுதிக்குங்க சார்" என்றாள் நாகலெட்சுமி.

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கவரின் வாயை அழுத்தி ஒட்டி, முத்திரையை மையில் தோய்த்துக் குத்தி, தபால் பைக்குள் போட்டார்.