உருளைக்கிழங்குக்கு நாலு டிகிரி

சாப்பாட்டு மேசையில் கட்டப்போகும் வீட்டின் பிளான் விரிந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றில் அது பறந்துவிடாமல் இருக்க மூன்று மூலைகளில் உப்பு ஜாடி, மூக்குக் கண்ணாடிக் கூடு, டார்ச் லைட். நான்காவது மூலையில் கிடங்கு மேலாளரின் முழங்கை. எதிரே உட்கார்ந்திருந்த என்ஜினியர் பெண் பென்சிலால் மொட்டை மாடியைத் தட்டிக் காட்டினாள்.

"சார், வெயில் சூடு உள்ள இறங்காம இருக்க மேல தளத்துக்கு ரெண்டு இஞ்ச் தெர்மகோல் ஷீட்டு, அதுக்கு மேல வெள்ளை டைல்ஸ். மேற்குச் சுவருக்கு ஹாலோ பிளாக். ஜன்னலுக்கு நல்லா நீளமா சன்ஷேடு. எல்லாம் சேத்து நாலு லட்சம் கூட ஆகும். கரண்ட் பில்லுல மிச்சமாகறதைப் பாத்தா ஏழு வருஷத்துல வந்துடும். அதுக்கப்புறம் லாபம்தான்."

சூட்டைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்க ஆள் தேவையில்லை. இருபத்திரண்டு வருடமாகக் குளிர்பதனக் கிடங்கில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குக் காவல் இருப்பவர். ஐந்து அங்குலத் தெர்மகோல் சுவருக்குப் பின்னால் அவை நாலு டிகிரியில் சுகமாகத் தூங்கும். முள் ஆறைத் தொட்டால் மணி அடிக்கும். மேலாளர் செருப்புகூடப் போடாமல் ஓடுவார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வெப்பமானி இருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஐஸ்பெட்டி. அதைப் பாராட்டு என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இந்தப் பக்கம் செலவு, அந்தப் பக்கம் மிச்சம். எழுதிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏம்மா, கீழ நாங்க இருக்கப்போறோம். மேல வாடகைக்கு விடப்போறோம். வெயில் யாரு தலையில விழும்?"

"மேல இருக்கறவங்க தலையில."

"மேல் வீட்டுக் கரண்ட் பில்லை யாரு கட்டுவாங்க?"

"அவங்கதான் சார்."

"அப்போ செலவு என்னுது, மிச்சம் அவங்களுது. நான் என்ன தர்மச் சத்திரமா கட்டறேன்? எங்களுக்கு மேல் வீடே குடை. குடிவர்றவங்கதான் நமக்குத் தெர்மகோல்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அடுப்படியில் நின்ற மனைவியும் சிரித்தாள். என்ஜினியர் பெண் மட்டும் பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த நாலு லட்சத்தில் வாசலுக்கு எவர்சில்வர் கேட் வந்தது. முகப்புக்குக் கறுப்புக் கல் வந்தது. தெருவில் போகிறவர்கள் கேட்டில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனார்கள்.

மேல் வீட்டுக்கு ஒரு நர்ஸ் குடிவந்தாள். தனி ஆள். சத்தம் கிடையாது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை; காலை எட்டு மணிக்குத் திரும்பி வந்து பகலில் தூங்க வேண்டியவள். பகலில் மாடியில் ஆள் இருப்பது வீட்டுக்குக் காவல் என்று அதையும் மேலாளர் மிச்சத்தில் சேர்த்துக்கொண்டார்.

கோடை பிறந்ததும் ஒரு நாள் படியிறங்கி வந்து நின்றாள்.

"சார், மேல சுவரைத் தொட முடியல. ஏசி ஓடிட்டே இருக்கு, சூடு இறங்க மாட்டேங்குது. போன பில்லு சம்பளத்துல கால்வாசியத் தின்னுடுச்சு. தளத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா?"

"ஜன்னலைத் திறந்து வைம்மா. காத்து வரும்."

காற்று வந்தது, அனலாக. அடுத்த மாதம் மறுபடி வந்தாள். "ஏசியை நிறுத்திட்டேன் சார், கட்டுப்படியாகல. பகல்ல பொட்டுத் தூக்கம் இல்ல."

"இன்னும் ஒரு மாசம்தான். மழை வந்தா சரியாயிடும்" என்றார். மழையின் சார்பில் அவரே வாக்குக் கொடுத்தார்.

மூன்றாவது முறை அவள் வரவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்.

மழைக்கு முன்பு மனைவிக்குப் பித்தப்பைக் கல் வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நர்ஸ் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. "நம்ம வீட்டுப் பொண்ணு இருக்கா, பாத்துக்குவா" என்று எல்லோரிடமும் சொன்னார். மாடியில் குடித்தனக்காரியாக இருந்தவள் வார்டில் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். அவளும் அப்படித்தான் நடந்துகொண்டாள். இரண்டு இரவும் போர்வையை இழுத்து விட்டாள். இவருக்கு ஃபிளாஸ்க்கில் டீ வாங்கி வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணி. நாற்காலியில் சுருண்டிருந்தவர் கண் விழித்தபோது குளுக்கோஸ் பாட்டில் காலி. குழாயில் மனைவியின் ரத்தம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நர்ஸ், அட்டையில் பேனாவை ஊன்றியபடி, நின்றவாக்கில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்தது. அவள் பதறிப்போய்க் குழாயை அடைத்தாள். நல்லவேளை, மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"சம்பளம் வாங்கறது தூங்கறதுக்கா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

"தப்புதான் சார்" என்றாள்.

"விடுங்க. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க" என்று மனைவி முனகினாள். அவர் புகார்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். கிடங்கில் எழுதிப் பழகிய கை. தேதி, மணி, நிமிடம் எல்லாம் அச்சுப் போல விழுந்தன. எழுதியது அத்தனையும் உண்மை.

மதியம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். மாடிப்படியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. என்னவென்று பார்க்க மேலே ஏறினார். கதவு திறந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் அனல் முகத்தில் அறைந்தது. பழக்கதோஷம், கை சட்டைப் பைக்குப் போனது. வெப்பமானி நாற்பத்தொன்று காட்டியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தொன்றுதான்.

கட்டில் வெறுமையாகக் கிடந்தது. நர்ஸ் குளியலறையிலிருந்து ஒரு பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பாத்ரூம்ல எதுக்கும்மா பாய்?"

"அங்கதான் சார் தரை கொஞ்சம் சில்லுன்னு இருக்கும். தண்ணி ஊத்திட்டுப் படுப்பேன். காலை நீட்ட முடியாது. ரெண்டு மணி நேரம் கண் அசரும். இந்த வாரம் அதுவும் இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவள் பாயைச் சுருட்டிக் கயிற்றை இறுக்கினாள். "ரெண்டு தடவை சொன்னேன் சார்."

அவர் வெப்பமானியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இப்ப எங்கம்மா கிளம்பற?"

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. இனிமே இந்த வாடகை கட்ட முடியாது. தோழி ரூம்ல ஒரு ஓரத்துல படுத்துக்கலாம்னு சொல்லியிருக்கா." வாசல்வரை போனவள் திரும்பினாள். "அக்காவுக்கு ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி சார். மறந்துடாதீங்க."

அவள் திருப்பித் திட்டியிருந்தால்கூட அது அவரை இப்படி அடித்திருக்காது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தலைமை நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினாள். "நீங்க எழுதினதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்லம்மா. ஆனா பாதிதான் எழுதியிருக்கேன். அவ தூங்காததுக்குக் காரணம் என் வீட்டுத் தளம்."

"அதை எழுத இதுல இடம் கிடையாது சார்" என்று பதிவேட்டை மூடினாள்.

மறுவாரமே என்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டார். "அன்னிக்கு நாலு சார். இப்ப கட்டின வீட்டு மேல செய்யணும், ஆறரை ஆகும்" என்றாள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசவில்லை. வேலை முடிந்ததும் நர்ஸின் தோழியைத் தேடிப் போனார். நர்ஸ் வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டதாகத் தோழி சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "நீங்க யாரு?" என்றாள். அவர் வந்த வழியே திரும்பி நடந்தார்.

மனைவி உடம்பு தேறி முதல் தடவையாக மாடியேறி வந்தாள். காலி வீட்டின் நடுவே நின்று அவர் வெப்பமானியை நீட்டினார். "பாத்தியா, முப்பத்திரண்டு."

"யாருக்குக் காட்டறீங்க?" என்றாள் மனைவி. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள். "நானும்தான் அன்னிக்கு அடுப்படியில நின்னு சிரிச்சேன்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செலவு என்னுது, மிச்சம் அவங்களுதுன்னு கோடு கிழிச்சேன். வீடு கட்டறப்ப நாம மிச்சம் பிடிக்கிற காசை அதுக்குள்ள இருக்கப்போற யாரோ ஒருத்தர் உடம்பால கட்டறாங்க. அந்த யாரோதான் ஒரு நாள் நம்ம கட்டில் பக்கத்துல வந்து நிக்கறாங்க. இது எனக்கு உன் ரத்தம் குழாயில ஏறின அப்புறம்தான் புரிஞ்சுது."

குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. பாய் கிடந்ததாக அவர் சொன்ன இடத்தை மனைவி அங்கிருந்தே பார்த்தாள்.

"உருளைக்கிழங்குக்கு ரெண்டு டிகிரி ஏறினா மணி அடிக்குதுன்னு செருப்புகூடப் போடாம ஓடுவீங்க. இவ ரெண்டு தடவை படியிறங்கி வந்து மணி அடிச்சாளேங்க."