ஹெலாசியோவின் கையில் இருக்கும் புல்

1

இந்தக் கதை ஒரு வேலித் தகராறில் பிறந்தது. கலிபோர்னியாவில் ஒரு சாண் மண்ணுக்காக நானும் பக்கத்து வீட்டுக்காரனும் காலையெல்லாம் கத்தினோம். அந்த எரிச்சலோடு வந்து உட்கார்ந்து எழுதினேன்: 'ஓடைக்கரையில் மிஷன் கோயிலின் மணியோசை மிதந்து…'

அந்த வரியை அடித்துவிட்டேன். தூரத்தில் நின்று கேட்டவர்களுக்குத்தான் அது இனிமை. அந்த மணிக்கு எழுந்து மிஷன் பாதிரிமாரின் பண்ணையில் ஏர் பிடிக்க ஓடிய பூர்வகுடிகள் வேறு ஆட்கள்.

2

அப்படி ஓடியவன் ஹெலாசியோ. பாதிரியார் வைத்த பெயர் அது. (பிறந்தபோது தாய் வைத்த பெயர் வேறு; அது எந்த ஏட்டிலும் இல்லை. அதற்குப் பதிலாக நானும் ஒன்றை வைத்தால் எனக்கும் பாதிரியாருக்கும் என்ன வித்தியாசம்?)

1830-களில், அன்று கலிபோர்னியாவை ஆண்ட மெக்சிகோ அரசு மிஷனைக் கலைத்தபோது, உழைத்தவர்களுக்கே நிலம் என்றது. பாதிரியாரும் ஓடைக்கரைத் துண்டைக் காட்டி, உனக்குத்தான் என்றார். ஹெலாசியோவும் மனைவி தெக்லாவும் அங்கே குடிசை போட்டு அவரைக்கொடி நட்டார்கள். அவரை பூத்த மாதம், முன்னாள் கோட்டைச் சிப்பாய் தோன் எவாரிஸ்தோவின் பெயருக்கு அந்த நிலத்தை அரசே எழுதிக் கொடுத்துவிட்டது. ('தோன்' என்றால் ஸ்பானிய மொழியில் 'ஐயா'.)

"இன்னைக்காவது வாயத் தொற. உனக்கு ஆமா போட மட்டுந்தான் தெரியும்," என்றாள் தெக்லா, நிலத்தை ஒப்படைக்க நீதிபதி வர இருந்த காலையில்.

3

நீதிபதி வந்தார். அந்தக் காலத்து வழக்கம் இது: நிலம் பெறுகிறவர் புல்லைப் பிடுங்கி, நாலு திசையிலும் மண்ணை வீச வேண்டும். அதோடு நிலம் அவருடையது. ஆனால் தோன் எவாரிஸ்தோவுக்கு மூட்டுவலி. குதிரையை விட்டு இறங்க மனமில்லை.

"டேய் ஹெலாசியோ, நீ புடுங்கிக் குடுடா. எவன் புடுங்கினா என்ன?"

ஹெலாசியோ குனிந்து கைநிறையப் புல்லைப் பிடுங்கினான். மண்ணை வீசினான். புல்லை மட்டும் கொடுக்கவில்லை.

"புடுங்கினவனுக்குத்தானே நெலம், எசமான்? வழக்கம் உங்களோடது. புடுங்கினது நானு."

நீதிபதி வயிறு குலுங்கச் சிரித்தார். தோன் எவாரிஸ்தோ சிரிக்காமல் கையை நீட்டினார்.

4

முடிவு ஒன்று: நீதிபதி மனம் இளகி… (இந்த மண்ணில் இத்தனை காலம் இருந்துவிட்டு இதை எழுதக் கூசுகிறது.)

முடிவு இரண்டு: சவுக்கு. நடக்கக் கூடியதுதான். ஆனால் நீங்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவீர்கள்.

முடிவு மூன்று: அவனே கொடுத்துவிடுகிறான். எழுதிப் பார்த்தேன். அவன் விரல்கள் விரியவில்லை.

நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது. குடிசை வாசலில் தெக்லா, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகப் புருஷனைப் பெருமையோடு பார்க்கிறாள். யாராவது அந்த விரல்களைப் பிரித்தால்தான் கதை முடியும். நான் மாட்டேன். முடிவு வேண்டுமென்றால் நீங்களே வந்து பிரித்துக்கொள்ளுங்கள், அவள் கண்ணெதிரே.