நாற்பத்தோராவது பெட்டி

போன வருடம் குக்கீ விற்பனை முடிந்த அன்று விசில் ஒலிபெருக்கியில் சொன்ன இரண்டு வரியை நான் ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். பால் பொங்கக் காத்திருக்கும்போது எடுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நிதானமாக எடுத்துப் பார்ப்பேன். மறந்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

விசில் என்பது நான் வைத்த பெயர், எங்கள் சிறுமியர் சாரணர் குழுவின் தலைவி. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். துக்க வீட்டுக்குக்கூட அதைக் கழற்றாமல் வந்தவள். நேரில் பார்த்தால் 'அக்கா, நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். இது என் கதை, இங்கே அவள் 'அவள்'தான்.

குழுவிலுள்ள பெண் குழந்தைகள் வருடத்துக்கு ஒரு முறை வீடு வீடாகவும் கடை வாசல்களிலும் நின்று குக்கீ பிஸ்கட் விற்பார்கள். அதில் வரும் பணத்தில் கூடாரம் கட்டித் தங்கும் முகாம் நடக்கும். ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு பாக்கெட். போன வருடம் எங்கள் வீட்டுப் பின்னறையில் நாற்பது பெட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விசில்தான் தன் வேனில் கொண்டுவந்து இறக்கினாள். நான் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறவள். பதினாலு வருடத்தில் எண்ணாமல் ஒரு மாத்திரை அட்டைக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "நமக்குள்ள என்னம்மா எண்ணிக்கிட்டு, போடும்மா" என்றாள். போட்டேன். அந்தக் கையை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

விற்பனை முடிந்தபோது பன்னிரண்டு பாக்கெட் குறைந்தது. அப்போதுதான் அவள் எல்லாக் குடும்பங்களையும் உட்காரவைத்து ஒலிபெருக்கியைப் பிடித்தாள். "பெட்டி யார் வீட்டுல இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக் குட்டியோட கன்னத்தைப் பாத்தா உங்களுக்கே புரியும்" என்றாள். அரங்கே சிரித்தது. பல் டாக்டர் ஒருவர், எங்கள் குழுவில் ஒரு குழந்தையின் அப்பா, தொடையைத் தட்டிச் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டு, யாரைச் சொன்னாள் என்று பிறகுதான் யோசித்தார்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கன்னம் உப்பலாக இருக்கும், என் மாமியார் வீட்டுக் கன்னம். அவள் அழவில்லை. இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பிஸ்கட்டைத் தொடவில்லை. பள்ளியில் யாராவது பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுத்தால் காகிதத்தோடு கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்துவிடுவாள். வகுப்புப் போட்டோவில் புத்தகப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். வெயில் கொளுத்தும் நாளிலும் ஸ்வெட்டர். ஏன் என்று கேட்டால், "குளுருதும்மா" என்பாள்.

அவள் எடுத்தாளா என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு பாக்கெட் குறைந்தது சரி, பெட்டி எங்கே? என் பின்னறையில் இருந்த காலிப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் எண்ணினேன், முப்பத்தொன்பது. என் மகள் அட்டையையும் சேர்த்தா தின்றாள்? ஒரு பெட்டி என் வீட்டுக்கு வரவே இல்லை. இதை விசிலிடம் போய்ச் சொன்னேன். "கையெழுத்து நாற்பதுக்குல்ல போட்டிருக்கே" என்று சிரித்தாள்.

என் வீட்டுக்காரர், "விட்டுத் தள்ளு, அவ வாயே அப்படித்தான்" என்றார். நான் தள்ளவில்லை. கறுவிக்கொண்டே காத்திருந்தேன். இந்த வருடம் விற்பனைப் பொறுப்பை யார் எடுப்பது என்று கேட்டபோது கூட்டத்தில் எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். விசில் நெகிழ்ந்துபோய், "பாருங்க, எவ்வளவு பெரிய மனசு" என்றாள். என் மனசு எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் திட்டம் சின்னது. பெட்டிகள் வந்து இறங்கும் நாளில் அவள் வேனில் ஒரு பெட்டி குறைத்து ஏற்றுவேன். அவள் எண்ணமாட்டாள். கடைசியில் பன்னிரண்டு பாக்கெட் குறையும். அதே அரங்கு, அதே ஒலிபெருக்கி. இந்த முறை நான் பிடித்திருப்பேன். அவளுக்கும் என் மகள் வயதில் ஒருத்தி இருக்கிறாள், ஓமக்குச்சி மாதிரி ஒல்லி. "இவ்வளவு தின்னும் உடம்புல ஒட்டலையே" என்று சொல்வதாக இருந்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். நன்றாக வரும்.

மூடிக்கிடந்த ஒரு பர்னிச்சர் கடையின் கார் நிறுத்துமிடத்தில்தான் பெட்டிகளை வாங்கிக்கொள்ள ஏற்பாடு. லாரி அதிகாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. கார்கள் வரிசையாக வரும். நாங்கள் சத்தமாக எண்ணி ஏற்றுவோம். ஓட்டுகிறவர் கூடவே எண்ணிச் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும். கார் நகர்ந்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை. இந்த விதியை இந்த வருடம் போட்டதே நான்தான்.

முதல் வண்டி விசிலுடையது. அவள் எதிலும் முதலாவது. பின்னால் பதினைந்து கார்கள் நின்றன, மூன்றாவது கார் பல் டாக்டருடையது. என் மகள் மேசையருகே உட்கார்ந்து சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், ஸ்வெட்டரோடு. விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் இந்த வேலை கொடுத்திருந்தேன். வேன் வந்து நிற்பதற்குள் ஒரு பெட்டியை மேசைக்கு அடியில் காலால் தள்ளி, தொங்கிய விரிப்பை இழுத்துவிட்டேன்.

"அக்கா, உங்களுக்கு நானே ஏத்துறேன்" என்றேன்.

"செய்ம்மா" என்றவள், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே யாருடனோ போனில் பேச ஆரம்பித்தாள். பக்கத்து இருக்கையில் அவள் மகள்.

வேனுக்குள் முகாம் சாமான்கள் பாதி இடத்தை அடைத்திருந்தன. கூடாரப் பைகள், மடக்கு நாற்காலிகள், ஒரு பெரிய தண்ணீர் கேன். கிடைத்த சந்துகளில் எல்லாம் பெட்டியைச் செருகினேன். "முப்பத்தேழு, முப்பத்தெட்டு" என்று ஊருக்கே கேட்கும்படி எண்ணினேன். அடுத்த பெட்டிக்கு "முப்பத்தொன்பது, நாற்பது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கதவில் கைவைத்தேன். நெஞ்சு படபடத்தது. சந்தோஷத்தில்தான்.

"அம்மா."

என் மகள் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். மோவாய் பெட்டிமேல் முட்டிக்கொண்டிருந்தது.

"இது மேசைக்கு அடியில இருந்துச்சும்மா. உள்ள முப்பத்தொன்பதுதான் போயிருக்கு, நானும் எண்ணினேன்."

"வை அங்க. அது வேற கணக்கு."

அவள் வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "வேணாம்மா. கடைசில குறையும். அப்புறம் அவங்க பொண்ணைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க."

ஒரு வருடமாக நான் சேர்த்து வைத்த ஆத்திரமெல்லாம் அந்த இடத்தில் என் மீதே திரும்பியது. அவளை முறைக்க முயன்றேன், முடியவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

வைக்கத்தான் இடமில்லை. கடைசி வரிசை இருக்கையை மடக்கினால் உண்டு. அந்த வகை வேனில் இருக்கையை மடக்கினால் அதற்கென்று தரையில் இருக்கும் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டையை இழுத்து மடக்கினேன். இருக்கை பாதியிலேயே நின்றது. மறுபடி அழுத்தினேன், இறங்கவில்லை. பள்ளத்தில் கிடந்த கூடாரப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே பார்த்தேன்.

ஒரு குக்கீப் பெட்டி. மூலை நசுங்கி, மேலே தூசி. ஒட்டிய டேப் பிரியவில்லை. பக்கவாட்டில் மஞ்சள் எழுத்தில் 'எலுமிச்சை'. இந்த வருடம் எலுமிச்சை கிடையாது. விற்கவில்லை என்று போன வருடத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

நல்லவளாக நடந்ததற்குக் கிடைத்த பரிசு என்று யாரும் என்னிடம் சொல்லவேண்டாம். எனக்கு இடம் பற்றவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் கதவுப் பக்கம் போனேன். கண்ணாடியைத் தட்டினேன். அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு மஞ்சள் எழுத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நாற்பது பெட்டி உங்களுது. இது நாற்பத்தொன்னு. சீட்டுக்குக் கீழ இருந்துச்சு."

"ஐயோ, இது எப்படிம்மா இங்க..." என்று ஆரம்பித்தாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த ஓமக்குச்சி எட்டிப் பார்த்து, "அதுதான்மா, லீவுல கூடாரம் எடுக்கும்போதே காட்டினேனே. நீங்கதான் அப்புறம் பாத்துக்கலாம்னு மேல பையைப் போட்டீங்க" என்றாள்.

"நீ பேசாம இரு." விசிலின் காது சிவந்துவிட்டது. என்னிடம் குரலை இறக்கினாள். "விடும்மா. முடிஞ்சுபோன விஷயம். நானே ஒரு நாள் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"ஒரு நாள் எதுக்குக்கா, இன்னைக்கே சொல்லலாம். இறங்குங்க."

"பின்னாடி வண்டி எல்லாம் நிக்குதும்மா."

"நிக்கட்டும். அவங்கல்லாம் அன்னைக்கு அரங்குல இருந்தவங்கதான்."

இறங்கினாள். நான் பெட்டியை வேனின் முன்பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊதுங்கக்கா."

"என்னது?"

"விசிலை ஊதுங்க. அன்னைக்கு எல்லாரையும் கூப்பிட்டுத்தானே சொன்னீங்க. இன்னைக்கும் கூப்பிட்டுச் சொல்லுங்க."

அவள் கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது. என் கண்ணில் என்ன பார்த்தாளோ தெரியாது. ஊதினாள். காற்றுப் போன சத்தம். இரண்டாவது முறை நன்றாக ஊதினாள். கார்க் கதவுகள் திறந்தன. எல்லோரும் இறங்கி வந்தார்கள். பல் டாக்டர் முன்வரிசையில் வந்து நின்றார்.

"போன வருஷம் குறைஞ்ச பன்னிரண்டு பாக்கெட்..." என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அது என் வேன்லயே இருந்திருக்கு."

"எப்பத் தெரியும்னும் சொல்லுங்க" என்றேன்.

"முகாம் லீவுலயே தெரியும்." மூச்சு வாங்கினாள். "அவங்க பொண்ணு எடுக்கல. நான் சொன்னது தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் தன் கார்ச் சாவியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீட்டை எடுத்து, நாற்பது என்பதற்குக் கீழே 'எலுமிச்சை, போன வருடத்தது, ஒரு பெட்டி, வேனில் இருந்தது' என்று எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள். எனக்கு இனித்தது, அதை மறைக்க மாட்டேன். பொய்யில் இதில் பாதி ருசிகூட இருந்திருக்காது.

ஓமக்குச்சி கண்ணாடிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், இரண்டு கையும் முகத்தில். குளியலறையில் நான் பழகிவைத்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். எலுமிச்சைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, நாற்பதாவது பெட்டியை அந்தப் பள்ளத்திலேயே வைத்து அனுப்பினேன்.

அடுத்த கார் வர, கூட்டம் கலைந்தது. திரும்பிப் பார்த்தால் என் மகள் எலுமிச்சைப் பெட்டியின் டேப்பை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு பாக்கெட்டை உருவினாள். என் கை தானாக நீண்டு அதைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்தது, கிடங்குப் பழக்கம். இன்னும் பதினோரு நாள் மிச்சமிருந்தது.

அத்தனை பேர் காரிலிருந்து பார்க்கும் இடத்தில் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை முழுதாக வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் இன்னும் உப்பியது. பொத்திக்கொள்ளவில்லை.

"நமத்துப் போச்சும்மா" என்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

மூன்றாவதை எடுக்கும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டாள். "அந்தப் பெட்டி மேசைக்கு அடியில எப்படிம்மா போச்சு?"

வரிசையில் அடுத்த காருக்குப் பெட்டி ஏற்றவேண்டும். சீட்டு எழுதவேண்டும். எத்தனையோ சாக்கு இருந்தது.

"நான்தான் வச்சேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு கையிலிருந்ததை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் சாப்பிடுங்க."

நமத்துத்தான் போயிருந்தது. முழுவதையும் தின்றேன்.